இடம் மாறிய டோல்கேட்

தென் கொரியாவில் க்யோங்ஜு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் சில்லா ராஜ்ஜியத்தின் தலைநகரம். ஊருக்கு நடுவிலேயே புல் மூடிய மேடுகள் குன்று குன்றாக நிற்கும். எல்லாம் அந்தக் கால ராஜ குடும்பத்துச் சமாதிகள்.

2022 ஜூனில் அந்த ஊரில் புதிதாக ஒரு சமாதிக் கல் முளைத்தது. ராஜாவுக்கு அல்ல. ஒரு காபிக் கடையின் மாடியில், வளையம் சுற்றிய ஆங்கில ‘இ’ எழுத்தைச் செதுக்கி நிறுத்திய கல். கீழே ஒரு வரி. மற்ற பிரௌசர்களை டவுன்லோட் செய்ய இவர் நல்ல கருவியாக இருந்தார் என்று அதற்கு அர்த்தம்.

கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் உடனே கண்டுபிடித்திருப்பீர்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்! 2022 ஜூன் 15ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதற்கு மூடுவிழா நடத்தியது. ஒரு கொரிய சாஃப்ட்வேர் இன்ஜினீயர் சொந்தக் காசில் 4,30,000 வொன் செலவழித்துக் கல் நட்டுவிட்டார். நம் கணக்கில் ஏறக்குறைய 25,000 ரூபாய்.

படம் உலகம் முழுக்கப் பரவியது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கல்லுக்குக் கீழே கிடப்பது வெறும் ஒரு பிரௌசர் அல்ல. கோர்ட்டு வரைக்கும் போன ஒரு யுத்தம். ஒரு கம்பெனியின் சாவு. எதற்குப் பயந்து ஊரையே புரட்டிப் போட்டாரோ, அதுவே கடைசியில் நடந்ததைப் பார்த்த ஒரு பெரும் பணக்காரரின் கதை. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டருக்கு எஜமானர் யார் என்கிற கேள்வி.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

*

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன? தலையணை சைஸ் புத்தகங்கள் இதற்கு உண்டு. நமக்கு அவ்வளவு வேண்டாம். கம்ப்யூட்டர் என்கிற இயந்திரத்துக்கும், நீங்கள் உபயோகிக்கிற புரோகிராம்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற மேனேஜர். அவ்வளவுதான். கடிதம் டைப் அடிக்கிற சாஃப்ட்வேர் ஹார்ட் டிஸ்க்கில் எதையாவது எழுதவேண்டுமா? மேனேஜரைக் கேட்கவேண்டும். பிரிண்ட் எடுக்கவேண்டுமா? அதற்கும் அவரைத்தான் கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு பாஷை உண்டு. விண்டோஸுக்கு ஒரு பாஷை. ஆப்பிளின் மெக்கின்டாஷுக்கு இன்னொன்று. விண்டோஸ் பாஷையில் எழுதப்பட்ட புரோகிராம் மெக்கின்டாஷில் ஓடாது. அதை அங்கே ஓட்டவேண்டுமென்றால் பெரும்பகுதியைத் திரும்ப எழுதவேண்டும்.

வியாபாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1981 ஜூலையில், சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்கிற சின்னக் கம்பெனியிடமிருந்து ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முழு உரிமையை 50,000 டாலருக்கு வாங்கியது மைக்ரோசாஃப்ட். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 12ஆம் தேதி, அதை ஏற்றிக்கொண்டு ஐ.பி.எம். கம்பெனியின் பர்சனல் கம்ப்யூட்டர் வெளியே வந்தது. பில் கேட்ஸ் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்றுதான். ஐ.பி.எம்.முக்குத் தருகிறேன், ஆனால் மற்றவர்களுக்கும் விற்கிற உரிமை என்னிடமே இருக்கும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.

ஐ.பி.எம். மாதிரியே கம்ப்யூட்டர் செய்ய நூறு கம்பெனிகள் கிளம்பின. போட்டியில் மெஷின் விலை சரிந்துகொண்டே போனது. மைக்ரோசாஃப்ட்டுக்கு அதைப் பற்றி என்ன கவலை? யார் மெஷின் விற்றாலும் உள்ளே போவது அதன் சரக்கு.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். லாரி யாருடையது, லாரியில் போகிற வெங்காய மூட்டை யாருடையது என்பதெல்லாம் அப்புறம். ரோட்டில் டோல்கேட் யாருடையது? அவனுக்குத்தான் தினசரி கல்லா நிறையும்.

இந்த டோல்கேட்டுக்கு இன்னொரு விசேஷம். அதிகம் பேர் விண்டோஸ் வைத்திருக்கிறார்கள் என்பதால் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் விண்டோஸுக்கே எழுதுவார்கள். நிறைய சாஃப்ட்வேர் அதில்தான் கிடைக்கிறது என்பதால் ஜனங்கள் விண்டோஸே வாங்குவார்கள். புதிதாக ஒருவர் இதைவிட நல்ல ஆபரேட்டிங் சிஸ்டம் செய்து கொண்டுவந்தால்? அழகாக இருக்கிறது ஐயா, இதில் ஓட என்ன புரோகிராம் இருக்கிறது என்று கேட்பார்கள். ஒன்றும் இருக்காது. கடையைச் சாத்திவிட்டுப் போகவேண்டியதுதான்.

1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தபிறகு இந்தக் கோட்டை இறுகிவிட்டது. யாராலும் அசைக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பில் கேட்ஸைத் தவிர.

*

1989ல் ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் வேர்ல்ட் வைட் வெப். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை உலகத்துக்குச் சும்மாவே கொடுத்துவிட்டது. ராயல்டி கிடையாது, அனுமதி கேட்கவேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதே 1993ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீஸன், எரிக் பினா என்ற இரண்டு பேர் மொசைக் என்று ஒரு பிரௌசரை எழுதினார்கள். பக்கத்திலேயே படமும் தெரியும். மௌஸை வைத்துத் தட்டினால் அடுத்த பக்கம். ஜனங்கள் மயங்கிப்போனார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போன ஆண்ட்ரீஸனை, சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய ஜிம் கிளார்க் பிடித்துக்கொண்டார். 1994 ஏப்ரலில் பிறந்தது நெட்ஸ்கேப். டிசம்பரில் அதன் நேவிகேட்டர் பிரௌசர் வெளியானது.

இப்போது 1995ஆம் வருடத்தின் நான்கு தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மே மாதம். நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் என்ற புரோகிராமர், பிரௌசருக்குள்ளேயே ஓடக்கூடிய ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் மொழியைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். அவசர வேலை. பின்னால் அதற்கு ஜாவாஸ்க்ரிப்ட் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை மறக்காதீர்கள். கடைசியில் திரும்ப வரும்.

அதே மே மாதம் 26ஆம் தேதி. பில் கேட்ஸ் தன் கம்பெனி அதிகாரிகளுக்கு நீண்ட குறிப்பு ஒன்றை அனுப்பினார். தலைப்பு, இன்டர்நெட் பேரலை. அதில் நெட்ஸ்கேப்பைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினார். நூற்றுக்கு எழுபது பேர் அவர்கள் பிரௌசரைத்தான் பயன்படுத்துகிறார்கள். எல்லா வகைக் கம்ப்யூட்டரிலும் அது ஓடுகிறது. புரோகிராம்கள் பேசுகிற பாஷையையே பிரௌசருக்குள் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அது நடந்துவிட்டால் அடியில் இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் சாதாரண மளிகைச் சரக்கு ஆகிவிடும். குறிப்பின் சாரம் இதுதான்.

யோசித்துப் பாருங்கள். அப்போது பிரௌசர் என்பது படமும் எழுத்தும் காட்டுகிற ஒரு ஜன்னல். அதிலே ஒரு கணக்குக்கூட ஒழுங்காகப் போட முடியாது. ஆனாலும் அந்த மனிதர் அடுத்த பதினைந்து வருடங்களைப் பார்த்துவிட்டார். புரோகிராம் பிரௌசரிலேயே ஓடினால், விண்டோஸ் எதற்கு?

ஆகஸ்ட் 9. நெட்ஸ்கேப் பங்குச்சந்தைக்கு வந்தது. பிறந்து பதினாறே மாதம். இன்னும் லாபத்தின் முகத்தையே பார்க்காத கம்பெனி. 28 டாலருக்குக் கொடுத்த பங்கு அன்றைக்கு 75 டாலர் வரை எகிறி, 58 டாலர் சொச்சத்தில் முடிந்தது. மாலையில் கம்பெனியின் மதிப்பு சுமார் 290 கோடி டாலர். ஆண்ட்ரீஸனுக்கு அப்போது வயது 24.

ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 ரிலீஸ். கிட்டத்தட்ட திருவிழா. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு விண்டோஸ் நிறத்தில் விளக்கு போட்டார்கள். லண்டனில் ‘தி டைம்ஸ்’ பேப்பரை மைக்ரோசாஃப்ட் காசு கொடுத்து அன்றைக்கு இலவசமாக விநியோகித்தது. ஒரு சாஃப்ட்வேரை வாங்க ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் கியூ நின்றார்கள் மனிதர்கள்.

டெஸ்க்டாப் ஆபரேட்டிங் சிஸ்டம் புகழின் உச்சியில் நின்ற நாள் அது. அதன் சாவுக்கு நாள் குறித்த குறிப்பு மூன்று மாதம் முன்பே எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் அதன் சொந்தக்காரர்.

*

1995 டிசம்பர் 7ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் திட்டத்தை வெளியே சொன்னது. அப்புறம் நடந்ததெல்லாம் அடிதடி.

நெட்ஸ்கேப் தன் பிரௌசருக்குச் சுமார் 49 டாலர் விலை வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட்டிடம் பிரௌசர் இல்லை. ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தயாரித்தது. விற்பனையில் பங்கு தருவதாக ஒப்பந்தம். பிறகு என்ன செய்தது? விற்கவே இல்லை, சும்மா கொடுத்தது! விற்பனையே இல்லாதபோது பங்கு எங்கே வரும்? ஸ்பைகிளாஸ் சண்டைக்கு வந்தபோது, 1997ல் 80 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

இலவசம் மட்டும் போதாது. டோல்கேட் கையில் இருக்கிறதே, சும்மா விடுவார்களா? 1996ல் காம்பேக் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களில் எக்ஸ்ப்ளோரர் படத்தை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை வைத்தது. உனக்கு விண்டோஸ் லைசென்ஸே கிடையாது என்று மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து எச்சரிக்கை போனது. விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டரை யாருக்கு விற்பது? பழைய படம் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்த ஏ.ஓ.எல். கதை இன்னும் சுவாரசியம். 1996 மார்ச் 11ஆம் தேதி நெட்ஸ்கேப்போடு ஒப்பந்தம் அறிவித்தார்கள். மறுநாள் 12ஆம் தேதி மைக்ரோசாஃப்ட்டோடு அறிவித்தார்கள். ஏ.ஓ.எல்.லின் படத்தை விண்டோஸிலேயே வைக்கிறேன், பதிலுக்கு என் பிரௌசரை உன் வாடிக்கையாளர்களுக்குக் கொடு என்று பேரம். இத்தனைக்கும் இன்டர்நெட் தொழிலில் ஏ.ஓ.எல். மைக்ரோசாஃப்ட்டுக்கு நேரடிப் போட்டியாளர்.

1997 செப்டம்பர் கடைசியில் எக்ஸ்ப்ளோரர் 4 ரிலீஸ் ஆன ராத்திரி, மைக்ரோசாஃப்ட் பிள்ளைகள் பிரம்மாண்டமான ஒரு ‘இ’ பொம்மையைக் கொண்டுபோய் நெட்ஸ்கேப் ஆபீஸ் புல்வெளியில் நட்டுவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப் ஆட்கள் விடுவார்களா? அதைக் கீழே தள்ளி, தங்கள் மோஸில்லா டைனோசர் பொம்மையை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, ஒரு போர்டு மாட்டினார்கள். நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18. அன்றைய மார்க்கெட் நிலவரம்.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப்பும் பிரௌசரை இலவசமாக்கியது. வருமானம் போச்சு. எக்ஸ்ப்ளோரர் சரக்காகவும் தேறிக்கொண்டே வந்தது. நெட்ஸ்கேப்போ கனத்துப்போய், அடிக்கடி மயக்கம் போட்டு விழுந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1998 நவம்பரில் 420 கோடி டாலர் மதிப்புக்கு நெட்ஸ்கேப்பை வாங்குவதாக அறிவித்தது யார் தெரியுமா? அதே ஏ.ஓ.எல்.

போவதற்கு முன்னால் நெட்ஸ்கேப் ஒரு காரியம் செய்தது. 1998 மார்ச் 31 அன்று தன் பிரௌசரின் மூல நிரலை உலகத்துக்குத் திறந்து வைத்தது. அந்த விதையிலிருந்துதான் பிற்பாடு ஃபயர்ஃபாக்ஸ் முளைத்தது.

*

1998 மே 18. அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வாஷிங்டனில் வழக்குப் போட்டன. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன். பில் கேட்ஸின் வாக்குமூலத்தை வீடியோ எடுத்துக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். சாதாரண வார்த்தைகளுக்கெல்லாம் அவர் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நீதிபதியே சிரித்துவிட்டார்.

1999 நவம்பரில் ஜாக்சன் தன் முடிவுகளை 412 பத்திகளாக எழுதினார். நாம் மேலே பார்த்த அதே விஷயம்தான் அதன் முதுகெலும்பு. நிறைய புரோகிராம்கள் விண்டோஸுக்கு இருப்பதே மற்றவர்களை உள்ளே விடாத வேலி. பிரௌசர் அந்த வேலியைப் பிடுங்கிவிடும் என்பதற்காகத்தான் நெட்ஸ்கேப்பை நசுக்கினார்கள். 2000 ஜூன் 7ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட்டை இரண்டாக வெட்டச் சொல்லித் தீர்ப்பு.

வெட்டப்படவில்லை. வழக்கு நடக்கும்போதே நீதிபதி பத்திரிகையாளர்களிடம் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தது அம்பலமானது. 2001 ஜூன் 28ல் அப்பீல் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்து, அவரையும் வழக்கிலிருந்து விலக்கியது. ஆனால் ஒன்று. ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தை மீறினீர்கள் என்ற குற்றத்தை அது தள்ளவில்லை. அந்த நவம்பரில் சில நிபந்தனைகளோடு அரசு சமாதானம் ஆகிவிட்டது.

குற்றம் நிரூபணம். தண்டனை இல்லை. நெட்ஸ்கேப் காலி. டோல்கேட் பத்திரம்.

*

எதிரி செத்துவிட்டால் தூக்கம் நன்றாக வரும். 2001 ஆகஸ்ட்டில் எக்ஸ்ப்ளோரர் 6 வெளியானது. அடுத்த எக்ஸ்ப்ளோரர் 7 எப்போது? 2006 அக்டோபரில்! உலகத்தில் பெரும்பாலானவர்கள் பயன்படுத்திய பிரௌசர் ஐந்து வருடம் அப்படியே கிடந்தது.

இதற்கு விலை கொடுத்தவர்களில் கொரியர்கள் முக்கியமானவர்கள். பலமான ரகசியக் குறியாக்கம் கொண்ட சாஃப்ட்வேரை வெளிநாட்டுக்கு விற்க அப்போது அமெரிக்கா கட்டுப்பாடு வைத்திருந்தது. எனவே கொரியா ‘சீட்’ என்று சொந்தமாக ஒரு முறையை உருவாக்கியது. அதை பிரௌசரில் ஓட்டுவதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ்எக்ஸ் நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். ஆக்டிவ்எக்ஸ் ஓட விண்டோஸ் வேண்டும், எக்ஸ்ப்ளோரர் வேண்டும். விளைவு? பாங்கு, ஷாப்பிங், அரசாங்க விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே கதவு. ஒரு தேசமே மாட்டிக்கொண்டது. ஒரு கொரிய சீரியலின் கதாநாயகி போட்ட கோட்டை வாங்க ஆசைப்பட்ட சீன ரசிகர்கள், கொரியக் கடைகளின் தளத்தில் காசு கட்ட வழியில்லாமல் திரும்பினார்கள். 2014ல் அந்த நாட்டு ஜனாதிபதியே அதை ஒரு கூட்டத்தில் சொல்லி அலுத்துக்கொண்டார். க்யோங்ஜு மாடியில் கல் முளைத்த காரணம் இப்போது புரிகிறதா?

நமக்கும் இதில் பங்குண்டு. அந்த நாளில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. வாசகர் எதையும் இறக்காமலே படிக்க டைனமிக் ஃபான்ட் என்று ஓர் ஏற்பாடு. பல தளங்களில் அது எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. வேறு பிரௌசரில் திறந்தால் தமிழுக்குப் பதில் பூச்சி பூச்சியாக ஏதோ நெளியும். யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000 வரவேண்டியிருந்தது. உங்கள் தாய்மொழியை நீங்கள் படிக்க முடியுமா, முடியாதா என்பதை எங்கோ ரெட்மாண்டில் தயாரான ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்த காலம்.

*

இனிமேல்தான் கதையின் தில்லாலங்கடி.

மைக்ரோசாஃப்ட்டுக்குள்ளேயே, அவுட்லுக் மெயிலை பிரௌசரில் பார்க்க வசதி செய்துகொண்டிருந்த ஒரு சிறு குழுவுக்கு ஒரு பிரச்னை. ஒவ்வொரு க்ளிக்குக்கும் முழுப் பக்கமும் அழிந்து திரும்ப வருகிறது. பக்கம் அப்படியே இருக்க, தேவையான துளியை மட்டும் பின்பக்கமாக வாங்கிவர முடியாதா? ஒரு சின்னத் துண்டு நிரல் எழுதினார்கள். அது 1999 மார்ச்சில் எக்ஸ்ப்ளோரர் 5ஓடு சேர்ந்து வெளியே போனது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மற்ற பிரௌசர்கள் மட்டும் அந்த வித்தையைக் காப்பியடித்து வைத்துக்கொண்டன.

2004 ஏப்ரல் 1. கூகுள் ஜிமெயிலை அறிவித்தது. ஹாட்மெயில் 2 எம்.பி. இடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கூகுள் ஒரு ஜி.பி. தருகிறேன் என்றது. முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். வேடிக்கை இல்லை. அதைவிட முக்கியம், ஜிமெயில் ஒரு வெப் பக்கம் மாதிரி நடந்துகொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் போட்ட சாஃப்ட்வேர் மாதிரி ஓடியது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். மௌஸால் பிடித்து இழுத்தால் உலகமே நகர்ந்தது. இரண்டுக்கும் அடியில் இருந்தது எது? நெட்ஸ்கேப் பத்து நாளில் பெற்றுப் போட்ட ஜாவாஸ்க்ரிப்ட். கூடவே, மைக்ரோசாஃப்ட் தன் மெயிலுக்காக எழுதிய அந்தத் துண்டு வித்தை.

செத்தவனின் மொழி. கொன்றவனின் கருவி. 1995ல் கேட்ஸ் பயந்தது பத்து வருடம் தாமதமாக நடந்தேவிட்டது. நடத்தியவர்கள் புதிய ஆட்கள்.

2008 மார்ச் 1ஆம் தேதி நெட்ஸ்கேப்புக்கான ஆதரவை ஏ.ஓ.எல். நிறுத்தியது. அதே வருடம் செப்டம்பர் 2 அன்று கூகுளின் குரோம் பிறந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. குரோமின் உள்கட்டுமானமே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு டேபும் தனித்தனியாக ஓடும். ஒன்று படுத்தால் மற்றது படுக்காது. ஜாவாஸ்க்ரிப்ட் பறந்தது. 2011 ஜூனில் குரோம்புக் வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் பிரௌசர், பிரௌசரைத் தவிர அநேகமாக வேறொன்றும் இல்லை. 2012 மே மாதம், ஸ்டாட்கவுன்டர் கணக்குப்படி குரோம் எக்ஸ்ப்ளோரரைத் தாண்டியது.

மைக்ரோசாஃப்ட்டும் யதார்த்தத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் 200 டாலருக்கு மேல் விலை வைத்து விண்டோஸ் 95ஐ விற்ற கம்பெனி, 2015ல் விண்டோஸ் 10ஐப் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு வருடம் சும்மா கொடுத்தது. லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001ல் ஸ்டீவ் பால்மர் வர்ணித்தார். இன்றைக்கு மைக்ரோசாஃப்ட் வாடகைக்கு விடுகிற அஸூர் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் ஓடுவது அதே லினக்ஸ். 2018 டிசம்பரில் கடைசிக் கொடியும் இறங்கியது. இனி எங்கள் எட்ஜ் பிரௌசருக்கு கூகுளின் குரோமியத்தையே அடித்தளமாக வைத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள்.

*

அப்படியென்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் செத்துவிட்டதா? இல்லை. 2024 ஜூலை 19ஆம் தேதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு உட்கார்ந்துவிட்டன. விமானங்கள் நின்றன. நம் ஊர் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டு அஸ்திவாரம் மாதிரி ஆகிவிட்டது ஆபரேட்டிங் சிஸ்டம். விரிசல் விட்டால்தான் இருப்பதே தெரியும்.

சரி, மளிகைச் சரக்கு ஆகிவிட்டது. நமக்கு அதில் லாபம்தானே? லாபம்தான். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் ரயில் டிக்கெட் எடுக்க முடிகிறது. பாங்கு வேலை நடக்கிறது. தமிழ் தமிழாகத் தெரிகிறது. சின்னச் சம்பளக்காரர் வாங்கிய பழைய கம்ப்யூட்டரும் பெரிய கம்ப்யூட்டரும் ஒரே மெயிலைக் காட்டுகின்றன. 1995ல் இதெல்லாம் கனவு.

ஆனால் டோல்கேட் ஒழியவில்லை. இடம் மாறியிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 5. அதே வாஷிங்டன் ஃபெடரல் கோர்ட். நீதிபதி அமித் மேத்தா. தேடல் தொழிலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றி வருகிறது என்று தீர்ப்பு எழுதினார். பழைய மைக்ரோசாஃப்ட் தீர்ப்பு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. திறந்தவுடன் கூகுள்தான் வரவேண்டும் என்பதற்காக ஆப்பிள் முதலான கம்பெனிகளுக்கு 2021ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பட்டியலில், நெட்ஸ்கேப்பின் வாரிசான ஃபயர்ஃபாக்ஸின் மோஸில்லாவும் உண்டு. குரோமை விற்கச் சொல்லுங்கள் என்றது அரசு. 2025 செப்டம்பர் 2ஆம் தேதி, விற்கவேண்டாம், ஆனால் மற்றவர்களுக்கு இடம் கொடுக்காத தனி ஒப்பந்தங்கள் கூடாது, சில தேடல் விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தரவேண்டும் என்று முடித்தார் மேத்தா. குற்றம் நிரூபணம், கம்பெனி முழுசாக. எங்கோ படித்த மாதிரி இருக்கிறதல்லவா?

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. பழைய டோல்கேட்காரர் உங்களிடம் ஒருமுறை காசு வாங்கினார், அதோடு போய்விட்டார். நீங்கள் எழுதிய கடிதமும் குழந்தையின் போட்டோவும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடந்தன. கெட்டுப்போனால் உங்கள் தலையெழுத்து. இருந்தால் உங்கள் சொத்து. புதியவர் நுழையக் காசு கேட்பதில்லை. லாரியையும் மூட்டையையும் தன் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டு, வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். பாஸ்வேர்ட் மறந்தாலோ, ஏதோ விதியை மீறிவிட்டீர்கள் என்று ஓர் இயந்திரம் நினைத்துவிட்டாலோ, வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.

இதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு பழைய காலத்துக்குப் போகச் சொல்லவில்லை. போகவும் முடியாது. இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன்னால், காலையிலிருந்து பிரௌசருக்கு வெளியே என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை போதும் என்றே நினைக்கிறேன். அப்புறம், தொலைந்தால் அழுவீர்களே, அந்த நாலு போட்டோவையும் பத்திரங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து பீரோவில் வையுங்கள். அது உங்களுடையது.

க்யோங்ஜு கல்லின் படத்தைப் பார்க்க ஆசையா? தேடினால் கிடைக்கும். எந்த பிரௌசரில், எந்தத் தேடல் பெட்டியில் தேடப்போகிறீர்கள் என்பதை மட்டும் தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கவனித்துவிட்டுத் தட்டுங்கள்.